"கேமரா விட்டுப் பார்க்கணும்" என்று சொல்லிவிட்டார்களா? எண்டோஸ்கோபி, கோலனாஸ்கோபி பயம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வடசென்னையில் ஒரு மருத்துவமனையின் எண்டோஸ்கோபி அறையில் ஸ்டாஃப் நர்ஸ். நுனியில் கேமரா உள்ள ட்யூப்பை வாய் வழியாக விட்டு இரைப்பை வரை பார்ப்பது எண்டோஸ்கோபி, பின்பக்கமாக விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது கோலனாஸ்கோபி. பிறந்து வளர்ந்தது காசிமேடு, இப்போது குடியிருப்பது பழைய வண்ணாரப்பேட்டை. என் வேலை தெருவுக்கே தெரியும். மீன் வாங்கப் போனாலும் மாவு அரைக்கப் போனாலும் யாராவது ஒருவர் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போவார்கள். "அக்கா, வர்ற வியாழக்கிழமை எனக்கு அந்த டெஸ்ட்டு..." என்று குரலைத் தாழ்த்துவார்கள். அவர்கள் கேட்பதையும் நான் சொல்வதையும் இங்கே எழுதி வைக்கிறேன். உங்கள் டாக்டர் கொடுத்த சீட்டில் வேறு மாதிரி இருந்தால் சீட்டில் உள்ளபடியே செய்யுங்கள்.

தேதி கொடுத்த நாளிலிருந்து வயிற்றில் புளியைக் கரைக்கிறது. எனக்கு மட்டும்தான் இப்படியா?

இல்லை. எங்கள் அறைக்கு வெளியே இருக்கும் பெஞ்சில் வந்து உட்கார்ந்து பாருங்கள். நடுக்கடலில் பத்து நாள் தங்கி மீன் பிடித்து வருகிறவர் அங்கே கைக்குட்டையைப் பிழிந்துகொண்டிருப்பார். நாலு பிள்ளை பெற்ற அம்மா "எனக்கு முன்னாடி இவங்களை அனுப்புங்க" என்று பக்கத்தில் இருப்பவரைத் தள்ளிவிடுவார்.

பயத்தை நம் ஆட்கள் வயிற்றில் வைத்துச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. மூளைக்கும் வயிற்றுக்கும் இடையே வேகஸ் என்ற பெரிய நரம்பு ஓடுகிறது. குடலின் சுவரிலேயே பத்து கோடிக்கும் மேற்பட்ட நரம்புச் செல்கள் இருக்கின்றன. மனசு பதறினால் குடலும் பதறும். அதனால் டெஸ்ட்டுக்குக் காத்திருக்கும் வாரத்தில் நெஞ்செரிச்சல், வயிற்றுப் பொருமல், நாலு தடவை பாத்ரூம் போவது எல்லாமே கொஞ்சம் கூடலாம். "ஐயையோ, நோய் முற்றிவிட்டது போல" என்று அதைப் பார்த்து இன்னும் பயந்தால் வயிறு இன்னும் கலங்கும். அந்த வாரத்தில் லேசாகக் கூடுவதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஆனால் ரத்த வாந்தி, தார் மாதிரி கறுப்பு மலம், தாங்க முடியாத வலி, மயக்கம், இவற்றில் எது வந்தாலும் தேதிக்காகக் காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

தொண்டையில் ட்யூப் போகும்போது மூச்சு முட்டாதா?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். "இன்னா சிஸ்டர், மூச்சு நின்னுடாதுல்ல?" என்று படுக்கையில் ஏறிய பிறகும் கேட்பார்கள்.

நிற்காது. மூச்சுக்குழாய் வேறு, உணவுக்குழாய் வேறு. ட்யூப் போவது உணவுக்குழாய் வழியாக. உங்கள் மூச்சுப் பாதை கடைசி வரை திறந்தேதான் இருக்கும், மூக்கால் தாராளமாக மூச்சு விடலாம். விரலில் ஒரு கிளிப் மாட்டியிருப்போம். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்று அது காட்டிக்கொண்டே இருக்கும். இரைப்பை வரை பார்க்கும் ட்யூப்பின் பருமன் ஒரு சென்டிமீட்டர் அளவுதான், உங்கள் சுண்டுவிரலை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் மென்று விழுங்கும் சப்பாத்திக் கவளம் அதைவிடப் பெரியது.

என்ன நடக்கும் என்று வரிசையாகச் சொல்கிறேன், தெரிந்திருந்தால் பாதி பயம் போய்விடும். முதலில் தொண்டையில் மரத்துப்போகும் ஸ்ப்ரே அடிப்போம். கசக்கும். இரண்டு மூன்று நிமிடத்தில் நாக்கின் பின்பக்கம் தடித்துப் போன மாதிரி இருக்கும், எச்சில் விழுங்கவே வராதது போலத் தோன்றும். பலர் பயப்படுவது அந்த நொடியில்தான். அது மருந்து வேலை செய்வதற்கான அடையாளம். அப்புறம் இடது பக்கமாகப் படுக்க வைத்து, பற்களுக்கு நடுவே பிளாஸ்டிக் வளையம் ஒன்றைக் கடிக்கக் கொடுப்போம். ட்யூப் நாக்கின் அடியைத் தாண்டும்போது டாக்டர் "முழுங்குங்க" என்பார். ஒரு தடவை விழுங்கினால் அதுவே உள்ளே வழுக்கிக்கொண்டு போகும். இரண்டு மூன்று முறை குமட்டும். உள்ளே காற்று விடுவதால் ஏப்பம் வரும், வயிறு உப்பின மாதிரி இருக்கும். பெரும்பாலும் ஐந்திலிருந்து பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

நீங்கள் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு எதிரே ஒரு இடத்தைப் பாருங்கள், கண்ணை மூடினால் குமட்டல் கூடுகிறது என்பது என் அனுபவம். மூக்கால் இழுத்து, வாயால் நீளமாக, மெதுவாக விடுங்கள். ட்யூப் உள்ளே போன பிறகு எச்சிலை விழுங்கப் பார்க்காதீர்கள், கன்னத்தோரம் வழிய விடுங்கள். வெட்கப்படவே வேண்டாம், அதற்காகத்தான் கீழே துணி விரித்திருக்கிறோம்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்கு என் சொந்தக் கதை ஒன்று இருக்கிறது. சில வருடங்களுக்கு முன்னால் எனக்கே நெஞ்செரிச்சல் என்று வேறொரு இடத்தில் எண்டோஸ்கோபி செய்துகொண்டேன். ஸ்ப்ரே அடித்த கையோடு, அது மரத்துப்போகக்கூட நேரம் கொடுக்காமல் ட்யூப்பை விட்டார்கள். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. தினமும் இதையே பார்க்கிற நானே கையைத் தட்டிவிட்டேன். அன்றிலிருந்து எங்கள் அறையில் படுக்கிற ஒவ்வொருவரிடமும் கேட்கிறேன்: "தொண்டை மரத்துடுச்சா? இன்னும் ஒரு நிமிஷம் வேணுமா?" உங்களிடம் யாரும் கேட்கவில்லை என்றால் நீங்களே சொல்லுங்கள், "இன்னும் மரக்கலை" என்று. சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

எனக்கு ரொம்ப பயம் என்று டாக்டரிடம் சொன்னால் திட்டுவாரோ?

சொல்லுங்கள். இந்தப் பக்கம் முழுவதிலும் நான் சொல்ல விரும்புவது இது ஒன்றைத்தான். பயத்தை மறைத்துக்கொண்டு வந்து படுப்பவர்தான் நடுவில் ட்யூப்பைப் பிடித்து இழுக்கிறார். முன்கூட்டியே சொன்னவருக்கு நாங்கள் கூடுதலாக ஒரு ஸ்ப்ரே அடிக்கலாம், ஒருவர் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம், தூக்க ஊசி போடலாமா என்று டாக்டரிடம் கேட்கலாம். "கையைத் தூக்கினா ஒரு நொடி நிறுத்துங்க" என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். முன்பு பதற்றத்தில் மயங்கி விழுந்திருந்தாலோ, மூடிய அறையில் இருக்க முடியாது என்றாலோ அதையும் சொல்லிவிடுங்கள்.

டாக்டரிடம் பேச வாய் வரவில்லையா? ஒரு துண்டுச் சீட்டில் எழுதி நர்ஸ் கையில் கொடுங்கள். ஒரு காலேஜ் பெண் அப்படித்தான் கொடுத்தாள், நோட்டில் கிழித்த பாதித் தாள்: "எனக்கு வாந்தின்னா ரொம்ப பயம். பேசிக்கிட்டே இருங்க." பேசிக்கொண்டே இருந்தோம், ஆறு நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

மயக்க ஊசி போட்டுவிடுவார்களா?

இடத்துக்கு இடம் மாறும். கூட்டம் அதிகமான இடங்களில் இரைப்பை எண்டோஸ்கோபிக்குப் பெரும்பாலும் ஸ்ப்ரே மட்டும்தான். கோலனாஸ்கோபிக்குத் தூக்க ஊசி போடுவது வழக்கம். ஆபரேஷன் மயக்கம் மாதிரி இல்லை, அரைத் தூக்கம் போல இருக்கும். பலருக்கு என்ன நடந்தது என்றே பிறகு நினைவிருக்காது. ஊசி போட்டுக்கொண்டால் கூட ஒரு ஆள் கட்டாயம் வேண்டும். 24 மணி நேரத்துக்கு பைக், ஸ்கூட்டர் தொடக் கூடாது, முக்கியமான கையெழுத்து எதுவும் போடக் கூடாது. தனியாக மெட்ரோவில் வீட்டுக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

கோலனாஸ்கோபிக்கு முன்னால் குடிக்கும் அந்தத் தண்ணீர்தான் பயமாக இருக்கிறது.

உண்மையைச் சொன்னால் கோலனாஸ்கோபியில் கஷ்டமான பகுதி அதுதான். டெஸ்ட்டைவிட அதற்கு முந்தைய இரவுதான் பெரிது. குடல் சுத்தமாக இருந்தால்தான் உள்ளே சின்னக் கட்டி இருந்தாலும் கண்ணில் படும். சரியாகச் சுத்தமாகவில்லை என்றால் இன்னொரு நாள் இதையெல்லாம் முதலிலிருந்து செய்ய வேண்டிவரும்.

பெரும்பாலும் ஒரு பவுடரை இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் சொல்வார்கள். லேசாக உப்புக் கரிக்கும், கொழகொழவென்று இருக்கும். ஃபிரிட்ஜில் வைத்து ஜில்லென்று குடித்தால் பாதி ருசி தெரியாது. கொஞ்சம் எலுமிச்சை பிழிந்துகொள்ளலாம். மடக்கு மடக்கென்று எல்லாவற்றையும் ஒரேயடியாகக் குடித்தால் வாந்தி வரும், பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு டம்ளர் போதும். குமட்டினால் அரை மணி நேரம் நிறுத்தி, நாலு நடை நடந்துவிட்டுத் தொடருங்கள். சுமார் ஒரு மணி நேரத்தில் வயிறு போக ஆரம்பிக்கும். முதலில் கெட்டி, பிறகு கலங்கல், கடைசியில் சிறுநீர் போல வெளிர் மஞ்சள் தண்ணீர். அந்த நிறம் வந்தால் நீங்கள் தயார்.

அதற்கு முன் இரண்டு மூன்று நாள் சாப்பாட்டில் கவனம் வேண்டும். கீரை, பயறு, சுண்டல், கொய்யா, தக்காளி விதை, எள், கேழ்வரகு எல்லாம் வேண்டாம். வெள்ளைச் சோறு, இட்லி, தயிர், முட்டை, வேக வைத்த மீன் போதும். சாயந்திரம் பீச் ஸ்டேஷன் பக்கம் போய் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) சாப்பிடும் பழக்கம் இருந்தால் அந்த வாரம் விட்டுவிடுங்கள், முட்டைக்கோஸும் வெங்காயமும் குடலில் தங்கும். கடைசி நாள் முழுக்கத் தெளிந்த நீர்தான்: இளநீர், வடிகட்டிய ரசத் தண்ணி, பால் விடாத டீ. ரோஸ் சர்பத், திராட்சை ஜூஸ், பீட்ரூட் கூடவே கூடாது, உள்ளே அந்தச் சிவப்பைப் பார்த்தால் ரத்தமோ என்று குழப்பம் வரும். கிட்னி, இதயக் கோளாறு இருப்பவர்கள் எந்த மருந்து, எவ்வளவு தண்ணீர் என்பதை டாக்டரிடம் கேட்ட பிறகே தொடங்க வேண்டும்.

எங்கள் வீட்டில் ஐந்து குடித்தனத்துக்கு ஒரே கழிப்பறை. ராத்திரி பத்துத் தடவை எப்படிப் போவது?

டாக்டருக்கு முன்னால் கேட்கக் கூச்சப்பட்டு என்னிடம் தெருவில் வந்து கேட்பது இதுதான். இதற்காகவே டெஸ்ட்டை ஒரு வருடம் தள்ளிப் போட்ட ஒரு பெரியம்மாவை எனக்குத் தெரியும். கொருக்குப்பேட்டையில் ஒண்டுக்குடித்தனம், இருட்டில் முற்றத்தைத் தாண்டி ஓடணும், வாசலில் ஆம்பிளைப் பிள்ளைகள் படுத்திருப்பார்கள். கடைசியில் அவர் மகள், "அம்மாவை முந்தின நாளே அட்மிட் பண்ணிக்க முடியுமா?" என்று கேட்டாள். வயதானவர், முழங்கால் வலி, வீட்டில் வசதி இல்லை என்று டாக்டரிடம் சொல்லி ஏற்பாடு செய்தோம்.

எல்லா இடத்திலும் படுக்கை கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கேளுங்கள். இல்லையென்றால் கழிப்பறை தனியாக இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் அந்த ஒரு ராத்திரி தங்குங்கள். அதுவும் முடியாதென்றால் பக்கத்துக் குடித்தனத்தில் மூத்தவர் ஒருவரிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். நம் ஏரியாவில் ஆஸ்பத்திரி விஷயம் என்றால் முகம் சுளிக்கிறவர்கள் குறைவு. சாயந்திரமே இரண்டு மூன்று குடம் தண்ணீர் பிடித்து வையுங்கள். பின்பக்கம் எரியும், துணியால் தேய்க்காமல் தண்ணீரில் கழுவி ஒற்றி எடுங்கள், தேங்காய் எண்ணெய் தடவலாம். வழுக்கி விழாமல் இருக்க டார்ச்சும் செருப்பும் வாசலிலேயே இருக்கட்டும்.

பின்பக்கமாக விடுவார்களாமே... வெட்கமாக இருக்கிறது.

பின்னால் திறப்பு உள்ள கவுன் தருவோம், மேலே போர்வை இருக்கும். தேவையான இடம் தவிர வேறெதுவும் தெரியாது. பெண்கள், கூட ஒரு பெண் நர்ஸ் இருக்கணும் என்று கேட்கலாம். மாதவிலக்கு வந்துவிட்டால் டெஸ்ட்டைத் தள்ள வேண்டியதில்லை, எங்களிடம் சொன்னால் போதும். உள்ளே காற்று விடுவதால் வாயு பிரியும், அடக்காதீர்கள், அடக்கினால்தான் வலிக்கும். அந்த அறையில் யாரும் அதற்குத் திரும்பிப் பார்ப்பதில்லை.

தினமும் சாப்பிடும் மாத்திரைகளை என்ன செய்வது?

எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு, தேதி வாங்கும் நாளிலேயே டாக்டரிடம் காட்டுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு அது உயிர் விஷயம். சாப்பிடாமல் சுகர் மாத்திரையோ இன்சுலினோ போட்டுக்கொண்டால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும், அளவை முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள். பி.பி. மாத்திரையைப் பொதுவாகக் காலையில் ஒரு வாய் தண்ணீரோடு போடச் சொல்வார்கள். இரும்புச் சத்து மாத்திரை குடலைக் கறுப்பாக்கும் என்பதால் கோலனாஸ்கோபிக்குச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். மாவா, ஹான்ஸ் மாதிரி புகையிலை, குடி, எதுவாக இருந்தாலும் ஒளிக்காமல் சொல்லுங்கள். நாங்கள் போலீஸில் சொல்லப்போவதில்லை, மருந்தின் அளவு அதைப் பொறுத்தது.

ட்யூப்பை நன்றாகக் கழுவுகிறார்களா?

நியாயமான கேள்வி. எங்கள் அறையில் கழுவுவது நானும் ஒரு டெக்னீஷியனும். ஒருவருக்கு முடிந்ததும் முதலில் வெளியே துடைத்து, உள்ளே தண்ணீர் உறிஞ்சி விடுவோம். எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்போம். என்சைம் கரைசலில் போட்டு உள்குழாய்க்குள் நீளமான பிரஷ் விட்டுத் தேய்ப்போம். அப்புறம் கிருமிநாசினியில் முழுதாக மூழ்க வைப்போம், குளூட்டரால்டிஹைடு என்றால் 20 நிமிடம். சுவரில் இருக்கும் கடிகாரத்தைப் பார்த்துத்தான் எடுப்போம். அலசி, உலர்த்தி, அதன் பிறகே அடுத்தவருக்கு. வெளியே "ஏன் இவ்ளோ லேட்டு?" என்று சத்தம் போடும்போது உள்ளே நடப்பது பெரும்பாலும் இதுதான். நீங்கள் போகும் இடத்தில் எப்படிக் கழுவுகிறார்கள் என்று தாராளமாகக் கேட்கலாம்.

சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினால் கேன்சர் என்றுதானே அர்த்தம்?

இல்லவே இல்லை. வயிற்றுப்புண் இருந்தாலும் எடுப்போம், சிவந்திருந்தாலும் எடுப்போம், சில நேரம் எல்லாம் நன்றாக இருந்தாலும் எடுப்போம். அரிசி முனை அளவு துணுக்கு. குடலின் உள்தோலில் கிள்ளினால் வலி தெரியாது, எடுத்ததே உங்களுக்குத் தெரியாமல் போகலாம்.

ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி நம் நாட்டில் ரொம்பப் பேர் இரைப்பையில் குடியிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க அந்தத் துணுக்கை ஒரு சின்ன மஞ்சள் ஜெல்லில் வைப்போம். கிருமி இருந்தால் மஞ்சள் மெல்ல மெல்ல ரோஸ் நிறமாக மாறும். சிலருக்குச் சில நிமிடத்திலேயே ஓரத்தில் ரோஸ் கசியத் தொடங்கும், சிலருக்கு மணிக்கணக்கில் ஆகும். கூட வந்த ஒரு பையனுக்கு ஒருமுறை அதைக் காட்டினேன். "அவ்ளோதானா? இதுக்கா அம்மா ரெண்டு மாசமா அழுதாங்க?" என்றான். மாத்திரையால் போகக்கூடிய கிருமி அது, பொதுவாகப் பத்துப் பதினாலு நாள் கோர்ஸ்.

அல்சர் என்றால் காரமும் கவலையும்தான் காரணம் என்று ஒரு காலத்தில் டாக்டர்களே நம்பினார்கள். ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷல் என்ற டாக்டர் 1984இல் இந்தக் கிருமி வளர்த்த கரைசலைத் தானே குடித்தார். சில நாளில் குமட்டலும் வாந்தியும் வந்தன. எண்டோஸ்கோபி செய்து பார்த்ததில் அவருடைய இரைப்பை வீங்கிச் சிவந்திருந்தது. அவருக்கும் ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. உங்கள் தொண்டையில் போகும் அதே ட்யூப் அவர் தொண்டையிலும் போயிருக்கிறது.

நீங்கள் தினமும் கேஸ் மாத்திரை போடுகிறீர்கள் என்றால் அதைச் சொல்லுங்கள். அந்த மாத்திரையால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டலாம்.

கேன்சராக இருந்துவிட்டால்? தெரியாமலே இருந்துவிடலாம் என்று தோன்றுகிறது.

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் என் கண்ணைப் பார்க்க மாட்டார்கள். வாய்ப்பே இல்லை என்று யாருக்கும் சொல்ல மாட்டேன், அது பொய். நாங்கள் பார்க்கிறவர்களில் பெரும்பாலானோருக்கு இரைப்பை அழற்சி, புண், மூலம், இப்படி மருந்தால் கட்டுப்படுவதுதான் வருகிறது. சிலருக்கு வேறு வருகிறது. ஆனால் டெஸ்ட் செய்வதால் நோய் வருவதில்லை, இருந்தால் அது ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. பெருங்குடலில் பாலிப் என்ற சின்னச் சதை வளர்ச்சி இருந்தால் கோலனாஸ்கோபி செய்யும்போதே அதைக் கத்தரித்து எடுத்துவிடலாம். பல வருடம் கழித்து அது புற்றுநோயாக மாறுவதை அப்படி முன்கூட்டியே நிறுத்த முடிகிறது. சாப்பாடு தொண்டையில் சிக்குவது, காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, மலத்தில் ரத்தம், இவை இருந்தால் தயவுசெய்து ஒரு வாரம்கூடத் தள்ளாதீர்கள். என் சித்தப்பா எட்டு மாதம் தள்ளினார். அந்த எட்டு மாதம் எங்கள் வீட்டில் இன்னும் வலிக்கிறது.

பணத்துக்காகத் தள்ளுகிறீர்கள் என்றால், ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் இரைப்பை, குடல் நோய்களுக்கென்றே தனித் துறைகள் இருக்கின்றன. எங்கே போவது, யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் 104க்குப் போன் செய்து கேட்கலாம்.

ஸ்கேன் எடுத்தால் போதாதா?

வயிற்று ஸ்கேன் கல்லீரல், பித்தப்பை, கிட்னியை நன்றாகக் காட்டும். இரைப்பையின் உள்தோலில் இருக்கும் புண்ணைக் காட்டாது. துணுக்கு எடுக்கவும் முடியாது.

ஆபத்து எதுவும் இல்லையா?

அரிதாக உண்டு. குடலில் ஓட்டை விழுவது, ரத்தக் கசிவு. வெறுமனே பார்ப்பதற்காகச் செய்யும் டெஸ்ட்டில் ஓட்டை விழுவது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. பாலிப் எடுத்தால் கொஞ்சம் கூடுதல். கையெழுத்து வாங்கும் தாளில் இதெல்லாம் எழுதியிருக்கும். அதைப் படித்ததும் கை நடுங்கினால் நிதானமாக உட்கார்ந்து கேட்டுத் தெளிந்து போடுங்கள்.

முந்தின ராத்திரி தூக்கமே வராதே?

வராவிட்டாலும் பரவாயில்லை, தூங்காமல் வந்தால் டெஸ்ட் கெட்டுவிடாது. போனில் அந்த வீடியோக்களைப் பார்ப்பதை மட்டும் நிறுத்துங்கள். ஏற்கெனவே செய்துகொண்ட ஒருவரிடம் பேசுங்கள், ஆனால் கதையைக் கூட்டிச் சொல்கிற ஆளிடம் வேண்டாம். வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, நெஞ்சு படபடக்கிறது என்றால் 14416க்குப் போன் செய்யுங்கள். அரசு நடத்தும் மனநல உதவி எண், தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது.

முடிந்த பிறகு?

தொண்டை மரப்பு போகும் வரை, சுமார் ஒரு மணி நேரம், தண்ணீர்கூட வேண்டாம், புரையேறிவிடும். முதலில் ஒரு வாய் தண்ணீர் குடித்துப் பார்த்து, சரியாக இறங்கினால் ஆறிய இட்லி, ரசம் சாதம் சாப்பிடலாம். ஓரிரு நாள் தொண்டை கரகரக்கும். கடுமையான வயிற்று வலி, காய்ச்சல், ரத்த வாந்தி, கறுப்பு மலம் வந்தால் நடுராத்திரியானாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

டெஸ்ட் ரிப்போர்ட் அன்றைக்கே கிடைக்கும், துணுக்கு அனுப்பியிருந்தால் அதன் முடிவு வரச் சில நாள் ஆகும். அதிலிருக்கும் வார்த்தைகளைப் பார்த்துப் பதறாதீர்கள். எரித்திமா என்றால் சிவந்திருக்கிறது, அவ்வளவுதான். கேஸ்ட்ரைட்டிஸ் என்றால் இரைப்பை அழற்சி. இரோஷன் என்றால் மேல்தோல் உராய்ந்த மாதிரி சிராய்ப்பு. ரிப்போர்ட்டை டாக்டரிடம் காட்டும் நாளிலும் வீட்டு ஆள் ஒருவரைக் கூட்டிப் போங்கள். பயத்தில் இருக்கும்போது அவர் சொல்வதில் பாதி நம் காதில் ஏறாது.